பொதுச்சீட்டா, தனிச்சீட்டா?

ஐரோப்பா முழுவதையும் ஒரே சீட்டிற் சுற்றிவரலாம் என்னும் சொல் கேட்பதற்கு இனியது. கடவுச்சீட்டுக்கும் விசாவுக்கும் விமானச் சீட்டுக்குமாகப் பல வாயில்களிலே காத்துநின்று களைத்த ஒருவரிடம், ‘இனி எந்த வண்டியிலும் ஏறலாம், எங்கும் இறங்கலாம்’ என்று கூறினால் அவர் உள்ளம் குளிராது என்செய்யும்? ‘றெயில் பாஸ்’ எனப் பேச்சில் வழங்கும் பொதுப் பயணச்சீட்டின் கவர்ச்சி இதுவே. எமது கல்லூரியின் பழைய மாணவர் பலர் இன்று இலண்டனிலும் பாரிசிலும் சூரிக்கிலும் ஒஸ்லோவிலும் குடும்பத்தோடு வாழ்கின்றனர். அவர்களைக் காணச் செல்லும் பெற்றோரும், மேற்படிப்புக்கெனச் செல்லும் இளைஞரும் புறப்படுமுன் எம்மிடம் வந்து, இச்சீட்டை வாங்கலாமா, வாங்கினால் இலாபமா நட்டமா என்று உசாவுகின்றனர். தமிழாசிரியரிடம் புகைவண்டிச் சீட்டைப் பற்றிக் கேட்பதா என நகைப்போர் நகைக்க. விண்ணப்பப் பத்திரம் நிரப்புவது முதல் புது வீட்டுக்குப் பெயர் வைப்பது வரை வாத்தியாரைக் கேட்பது எம்மூர் வழக்கம். கேட்போர் தொகை ஆண்டுதோறும் பெருகி வருதலின், எமது எண்ணத்தை இம்மலரிலே எழுதிவைத்தல் தக்கதெனத் துணிந்தோம்.

அவ்வெண்ணத்தை முதலிலேயே கூறிவிடுகின்றோம். பொதுச்சீட்டு எமக்கு விற்பது மனம் மாறும் உரிமையை. இன்று வியன்னா என்றெண்ணி நாளை பிராக் எனத் துணியும் உரிமை அது. அவ்வுரிமையை வேண்டுவோர், அது மதிக்கப்படும் நாடுகளிலே, அதனை உண்மையாகவே பயன்படுத்துவாராயின், அவர் கொடுத்த பணம் பயன்பட்டதாகும். ஏனையோர்க்கு அது வீண்செலவு. பிள்ளை வீட்டிலே ஒரு மாதம் தங்கி இரண்டொரு இடம் பார்த்துத் திரும்பும் பெற்றோர் பெரும்பாலும் இவ்வேனையோருள் அடங்குவர் என்பதே எமது துணிபு.

இச்சீட்டின் வரலாற்றைச் சிறிது நோக்கினால் விடயம் தெளிவாகும். ‘யூரெயில்’ என்னும் சீட்டு 1959ஆம் ஆண்டிலே 13 நாடுகளின் புகையிரதப் பகுதியார் ஒன்றுகூடித் தோற்றுவித்தது. ஐரோப்பாவுக்கு வெளியே இருந்து, சிறப்பாக அமெரிக்காவிலிருந்து வரும் பயணிகளைக் கருதியே அது தொடங்கப்பெற்றது. முதல் வகுப்புப் பயணத்துக்கே அப்போது உரியதாயிருந்தது. 1972ஆம் ஆண்டிலே, சர்வதேசப் புகையிரத ஒன்றியத்தின் ஐம்பதாவது ஆண்டை ஒட்டி, 21 வயது வரையுள்ள ஐரோப்பிய இளைஞர்க்கென ‘இன்ரர்றெயில்’ என்னும் மற்றொரு சீட்டு வெளிவந்தது. தோளிலே ஒரு பையும் கையிலே ஒரு கால அட்டவணையுமாக, இரவில் வண்டியிலே உறங்கிப் பகலில் நகரம் பார்த்துத் திரிந்த ஒரு தலைமுறையை அச்சீட்டு உருவாக்கியது எனலாம். அதன் வயதெல்லை சிறிது சிறிதாக உயர்ந்து 1998இல் முற்றாக நீங்கியது. இன்று இவ்விரு சீட்டுக்களும் 33 நாடுகளிற் செல்லும். ஐரோப்பாவில் வதிவோர்க்கு இன்ரர்றெயில், வெளியே வதிவோர்க்கு யூரெயில் என்பதே வேற்றுமை. விலையிற் பெரிய வேற்றுமை இக்காலத்தில் இல்லை.

சீட்டு நிலைத்தது, வண்டிகள் மாறிவிட்டன. 1981இல் பாரிசுக்கும் லியோனுக்கும் இடையே பிரான்சியரின் அதிவேக வண்டி ஓடத் தொடங்கியது. 1992இல் மட்ரிட்டுக்கும் செவில்லுக்கும் இடையே இசுப்பானியர் தம் அதிவேகப் பாதையைத் திறந்தனர். 1994இற் கடலடிச் சுரங்கம் திறக்கப்பட்டு, இலண்டனிலிருந்து பாரிசுக்கு வண்டியிலிருந்து இறங்காமலே செல்லும் வசதி உண்டாயிற்று. (இவையெல்லாம் மின்சாரத்தால் ஓடுவன. புகையில்லாத வண்டியைப் புகைவண்டி என்று எழுதும் குற்றத்தைத் தமிழறிஞர் பொறுத்தருள்க. எம் நாவிலும் எம் மாணவர் நாவிலும் அச்சொல்லே பழகிவிட்டது.) இவ்வதிவேக வண்டிகளில், நினைத்தபோது ஏறி நின்றுகொண்டு செல்லும் பழைய வழக்கம் இல்லை. விமானத்தைப் போல ஒவ்வொருவர்க்கும் பெயரும் இலக்கமும் குறித்த ஆசனம் உண்டு. விலையும் விமானத்தைப் போலவே நாளுக்கு நாள் ஏறும். பாரிசிலிருந்து லியோனுக்குச் சில வாரம் முன்னரே வாங்குவார்க்கு 30 யூரோவிலும் சீட்டுக் கிடைக்கும். புறப்படும் நாளில் அதன் மும்மடங்கு கேட்டலும் உண்டு.

பொதுச்சீட்டு வைத்திருப்போர் இவ்வண்டிகளில் ஏற வேண்டுமாயின் ஆசனப் பதிவுக்குத் தனியே பணம் கட்டல் வேண்டும். பிரான்சின் உள்நாட்டு அதிவேக வண்டிகளிற் பெரும்பாலும் 10 அல்லது 20 யூரோ. இத்தாலியிலும் இசுப்பானியாவிலும் 10 யூரோவை அடுத்த தொகை. இலண்டனுக்கும் பாரிசுக்குமிடையே 30 யூரோவுக்குக் குறையாது. பணத்தினும் பெரிய இடர் ஒன்றுண்டு. பொதுச்சீட்டுக்காரருக்கென ஒதுக்கும் ஆசனங்கள் பல வண்டிகளில் ஓர் அளவுக்கு உட்பட்டவை. அவை முடிந்துவிட்டால், வண்டியிலே வெற்றாசனங்கள் இருப்பினும், பொதுச்சீட்டுக்காரருக்கு அவை இல்லை. கோடைகாலத்தில் இவ்வொதுக்கீடு விரைவிலே தீர்ந்துவிடும். ஆகவே அந்நாடுகளில் முன்னரே நாளும் நேரமும் குறித்துப் பதிவு செய்யாமற் பயணஞ் செய்தல் அரிது. முன்னரே நாளும் நேரமும் குறித்துவிட்டால் மனம் மாறும் உரிமை எங்கே? அதற்காகவன்றோ பெரும்பணம் கொடுத்தோம்!

எமது நாட்டு அரசாங்க உத்தியோகத்தருக்கு இந்நிலை புதிதன்று. கையிலே வாரண்டு இருக்கும். யாழ்தேவியில் ஆசனம் இராது. 1956இல் ஓடத் தொடங்கிய அவ்வண்டியிலே கொழும்பு வரை நின்று பழகியவர்கள், பாரிசு நிலையத்தில் ‘சீட்டுச் சரி, ஆசனம் இல்லை’ என்று கேட்கும்போது திகைக்கமாட்டார்கள். ஆயினும் இங்கே நின்றாவது செல்லலாம். அங்கே ஏறவும் விடார்.

இனி மறுபக்கத்தையும் கூறுதல் வேண்டும். ஜேர்மனி, ஒஸ்ரியா, சுவிற்சர்லாந்து, பெல்சியம், நெதர்லாந்து, டென்மார்க்கு ஆகிய நாடுகளில் உள்நாட்டு வண்டிகளுட் பெரும்பாலானவற்றுக்கு ஆசனப் பதிவு கட்டாயமன்று. நிலையத்துக்குச் சென்று வண்டி வந்ததும் ஏறலாம். 1972இன் இளைஞர் கண்ட ஐரோப்பா இந்நாடுகளில் இன்னும் உயிரோடு இருக்கின்றது. ஓர் இளைஞர் சூரிக்கிலே புறப்பட்டு மூனிச், வியன்னா, பிராக், பேர்லின், அம்சர்டாம், கொலோன் எனச் சுற்றி மீண்டும் சூரிக்குக்கு வருகின்றார் என்று வைத்துக்கொள்வோம். ஏழு நாட் பயணம். ஒரு மாதத்துள் விரும்பிய ஏழு நாட்களிற் பயணஞ் செய்ய உரிமை தரும் இரண்டாம் வகுப்புச் சீட்டின் விலை, 2024ஆம் ஆண்டளவில் வளர்ந்தோர்க்கு 400 யூரோவுக்குச் சற்றுக் குறைவாயிருந்தது. 12 முதல் 27 வயது வரையுள்ளோர்க்கு அதிற் காற்பங்கு கழிவு உண்டு. ஆகவே அவ்விளைஞர்க்கு ஒரு நாட் பயணம் ஏறத்தாழ 40 யூரோவில் முடிகின்றது. இவ்வேழு பயணங்களுக்கும் தனித்தனியே சீட்டு வாங்கினால், இரண்டு மாதம் முன்னர் வாங்குவார்க்கு இதனிலும் குறைவாகவே முடியக்கூடும் என்பதை யாம் மறைக்கவில்லை. ஜேர்மனியில் 20 யூரோவுக்குக் குறைந்த மலிவுச் சீட்டுக்களும் உண்டு. ஆயின் அம்மலிவுச் சீட்டு ஒரு குறித்த வண்டிக்கே உரியது. பிராக் நகரிலே இன்னும் ஒரு நாள் தங்குவோம் என்று மனம் விழைந்தால், அல்லது காலையிற் சற்று அயர்ந்து உறங்கிவிட்டால், சீட்டு வெறுந்தாளாகிவிடும். இளைஞர்க்கு மனம் விழைவதும் இயல்பு. காலையில் உறங்குவதும் இயல்பு. அவர்க்குப் பொதுச்சீட்டே தக்கது.

வேறொரு காரணமும் உண்டு. ஜேர்மானியர் நேரந் தவறாதவர் என்று பள்ளிப் புத்தகங்களிற் படித்தோம். அவர்தம் புகைவண்டிகளோ இக்காலத்தில் அப்புகழுக்கு ஈடுகொடுப்பதில்லை. 2024ஆம் ஆண்டில் அந்நாட்டு நெடுந்தூர வண்டிகளுள் நூற்றுக்கு 62 அளவினவே நேரத்துக்குச் சென்றன என அப்புகையிரதப் பகுதியின் கணக்கே கூறுகின்றது. ஆறு நிமிடத்துக்குக் குறைந்த தாமதத்தை அவர்கள் தாமதமெனக் கொள்வதுமில்லை. இத்தகைய நாட்டிலே ஒரு வண்டி தவறினாற் கருமபீடத்துக்குச் சென்று வாதாடாமல் அடுத்த வண்டியில் ஏறும் உரிமை சிறிதன்று.

பெற்றோர் செய்தி வேறு. அறுபது கடந்த தந்தையும் தாயும் சூரிக்கிலுள்ள மகனிடம் ஒரு மாதம் தங்கச் செல்கின்றனர் எனக் கொள்வோம். பேரப்பிள்ளைகளைப் பார்ப்பதே பயணத்தின் நோக்கம். இடையிலே பாரிசுக்கு ஒரு முறை சென்று மருமக்களைக் காண வேண்டும். அங்கே லா சப்பல் தெருவில் எம்மவர் கடைகளையும், மாணிக்க விநாயகர் ஆலயத்தையும் பார்க்காமல் வருவாரோ? பின்னர் ஜேர்மனியிலே கம் நகருக்குச் சென்று, 2002இற் கும்பாபிடேகம் கண்ட காமாட்சி அம்பாள் ஆலயத்தின் தேர்த்திருவிழாவைத் தரிசிக்க வேண்டும். நெடும்பயணம் இவ்வளவே: போக்குவரத்தாக நான்கு நாள். மகன் அன்பு மிகுதியால் நான்கு நாட் பொதுச்சீட்டு இரண்டினை வாங்கி வைத்திருக்கின்றார். 2024இல் அதன் விலை 300 யூரோவுக்குச் சற்றுக் குறைவு. 60 வயதினர்க்குப் பத்திலொரு பங்கு கழிவு போக 250 யூரோவுக்குச் சிறிது மேல். பாரிசு வண்டி அதிவேக வண்டியாதலின் ஆசனப் பதிவுக்குப் போகவும் வரவும் தனியே கொடுத்தல் வேண்டும். இவற்றையெல்லாம் கூட்டினால் ஒருவர்க்கு 300 யூரோ ஆகிவிடும். தேர்த்திருவிழாவின் நாள் பஞ்சாங்கத்தால் முன்னரே தெரிவது. மருமக்கள் வீட்டுக்குச் செல்லும் நாளும் அவர்தம் விடுமுறையைப் பொறுத்தது. இரண்டிலும் மனம் மாறுதற்கு இடமில்லை. அவ்வாறாயின் சீட்டு விற்பனை தொடங்கியதும் ஒவ்வொரு பயணத்துக்கும் தனித்தனியே வாங்கினால், வழி ஒன்றுக்கு 40, 50 யூரோவிற் கிடைத்தல் கூடும். நான்கு வழிக்கும் 200 யூரோ. இருவர்க்குமாக 200 யூரோவை அடுத்த தொகை கையிலே மிஞ்சும். ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்பர். 200 யூரோ எமது ரூபாயில் எவ்வளவு என்பதை வாசகரே பெருக்கிப் பார்க்க.

சுவிற்சர்லாந்துக்குள்ளே மட்டும் சுற்றிப் பார்க்க விரும்புவோர் யூரெயிலை விட்டு, வெளிநாட்டார்க்கென அந்நாட்டார் விற்கும் சுவிசுப் பயணச்சீட்டை நோக்குதல் நன்று. அது புகைவண்டியோடு ஏரிப் படகுக்கும், அஞ்சற் பேருந்துக்கும், நகர்களில் ஓடும் திராம் வண்டிக்கும், 500க்கு மேற்பட்ட அரும்பொருட்சாலைகளுக்கும் செல்லும். யூரெயில் நகரத் திராம் வண்டிக்குச் செல்லாது. யுங்பிரௌ போன்ற மலைமுடி வண்டிகளிற் கட்டணக் கழிவு மாத்திரமே தரும், இலவசமன்று. லக்சம்பேர்க்கிற் சீட்டே வேண்டா. 2020 மார்ச்சு முதலாந் தேதியிலிருந்து அந்நாட்டிற் பேருந்தும் இரண்டாம் வகுப்புப் புகைவண்டியும் எல்லோர்க்கும் இலவசம். ஜேர்மனியில் வதியும் எம் பழைய மாணவர், 2023 மே மாதத்தில் மாதம் 49 யூரோவாகத் தொடங்கிப் பின் விலையேறிய நாடளாவிய மாதச்சீட்டை அறிவர். அதிவேக வண்டிகளில் அது செல்லாது. மெதுவண்டிகளிலே நாடு முழுவதும் செல்லலாம். மெதுவாகச் செல்வதிலும் ஒரு சுகம் உண்டு என்பார் சிலர். முதுகு வலியில்லாதவர்க்கு அது உண்மையாகலாம்.

எம் மாணவரும் அவர்தம் பெற்றோரும் எல்லாவற்றினும் முதலிற் கருத வேண்டியது விசா. இங்கே விலைக் கணக்கு உதவாது. பொதுச்சீட்டின் படத்தில் 33 நாடுகள் ஒரே நிறத்திலே தீட்டப்பட்டிருக்கும். விசாவின் படத்தில் அவை ஒரே நிறமல்ல. செங்கன் விசா பெற்றவர்க்குப் பிரித்தானியாவும் அயர்லாந்தும் சேர்பியாவும் துருக்கியும் அவ்விசாவில் அடங்கா. அவை பொதுச்சீட்டில் மட்டும் அடங்கும். ஒருமுறை நுழைவதற்கே உரிய செங்கன் விசாவோடு பாரிசிலிருந்து இலண்டனுக்குச் சென்றால், பிரித்தானிய விசா கையிலிருப்பினும், மீண்டும் பாரிசுக்குத் திரும்ப வழியில்லை. திரும்பும் விமானமோ பாரிசிலிருந்து புறப்படுவதாயிருக்கும்! பொதுச்சீட்டு இருப்பதனாற் பயண உரிமை முழுவதும் இருக்கின்றது என்று எண்ணுவோர்க்கு நேரும் துன்பம் இது. இலங்கைக் கடவுச்சீட்டோடு செல்வோர் பல முறை நுழையும் விசாவை விண்ணப்பிக்கும்போதே கேட்டுக்கொள்ள வேண்டும். எல்லைகளில் சோதனையில்லை என்று கடவுச்சீட்டை வீட்டிலே விட்டுச் செல்வதும் தகாது. 2024 செப்டெம்பரில் ஜேர்மனி தன் நில எல்லைகள் அனைத்திலும் தற்காலிகச் சோதனையை ஏற்படுத்தியது.

பொதுச்சீட்டால் விளையும் வேறொரு நோயையும் சொல்லாமல் விடுதல் இயலாது. கொடுத்த பணத்தை வண்டியிலேறி மீட்டுவிட வேண்டும் என்னும் வேட்கையே அந்நோய். கலியாண வீட்டிலே மொய் எழுதியவர் அம்மொய்க்கு ஈடாக உண்ண முயல்வதை ஒக்கும் அது. காலையிற் பிரசெல்சு, மாலையில் அம்சர்டாம், மறுநாட் கம்பேர்க், அதன் மறுநாட் கொப்பன்கேகன் என்று ஓடி, பத்து நகரங்களின் நிலையங்களை மட்டும் பார்த்துத் திரும்பியோர் உளர். அவர்களிடம் வியன்னா எவ்வாறிருந்தது என்று கேட்டால் மேடை இலக்கத்தைக் கூறுவர். தனிச்சீட்டு வாங்கியவர்க்கு இத்தொல்லை இல்லை. வண்டியேறாத நாள் அவருக்கு நட்டமாகத் தோன்றுவதில்லையாதலின், ஓரிடத்தில் அமர்ந்து அவ்வூரைப் பார்க்கின்றார். ‘ஒரு மாதத்துள் ஏழு நாள்’ என்பன போன்ற சீட்டுக்கள், இடைவிடாது நாள்தோறும் ஓடும் சீட்டுக்களிலும் நல்லவை என யாம் கருதுவது இதனாலேயே. அவற்றில் வண்டியேறாத நாட்கள் கணக்கில் வாரா.

இளைஞர்க்குச் சில சொல்லுவோம். 2020 முதற் பொதுச்சீட்டுக் கைத்தொலைபேசியிலேயே கிடைக்கின்றது. வண்டி ஏறுமுன் அவ்வண்டியைச் செயலியிற் பதிவுசெய்தல் கட்டாயம். பரிசோதகர் வந்தபின் பதிவுசெய்தல் குற்றமாகக் கொள்ளப்படும். தொலைபேசியில் மின்னேற்றம் தீர்ந்துவிட்டாற் சீட்டும் தீர்ந்ததாகும். இரவு வண்டியிற் சென்றாற் புறப்படும் நாள் ஒன்றே கணக்கிற் கொள்ளப்படும்; மறுநாட் காலையிற் போய்ச் சேர்வதற்கு இன்னொரு நாள் கழிவதில்லை. ஆயினும் படுக்கைக்கு வேறு பணம் உண்டு. ஐரோப்பிய ஒன்றியம் 2018 முதல், 18 வயதினரிடம் விண்ணப்பம் பெற்று, தெரிந்தெடுக்கப்படுவோர்க்குப் பயணச்சீட்டை இலவசமாகவே வழங்கி வருகின்றது. அந்நாடுகளிற் பிறந்து வளரும் எம் பழைய மாணவரின் பிள்ளைகள் இதனைத் தவறவிடுதல் கூடாது.

ஐரோப்பாவில் வதியும் பழைய மாணவர் தமக்கென வாங்குவது இன்ரர்றெயில். அதிலே ஒரு கட்டுப்பாடு உண்டு. தாம் வதியும் நாட்டுக்குள்ளே, வெளியேறுவதற்கு ஒரு நாளும் திரும்புவதற்கு ஒரு நாளுமே அச்சீட்டுச் செல்லும். பாசலில் வதிபவர் அதனைக் கொண்டு லுகானோ வரை சென்று ஏரி பார்த்து வரலாம் என்று எண்ணினால் அவ்விரண்டு நாளும் கழிந்துவிடும். ஊரிலிருந்து வந்த பெற்றோர் யூரெயிலோடு ஏற, உடன்செல்லும் மகன் தனிச்சீட்டு வாங்க நேர்வதும் இதனாலேயே. 4 முதல் 11 வயது வரையுள்ள பிள்ளைகள் இருவர் வளர்ந்த ஒருவரோடு இலவசமாகச் செல்லலாம். ஆனால் அவர்களுக்கும் பெயரிட்ட சீட்டை முன்னரே பெற்றிருத்தல் வேண்டும்.

வாங்குவதா வேண்டாவா எனத் துணிய விரும்புவோர் ஒரு கொப்பித் தாளை எடுத்து, செல்லவிருக்கும் பயணங்களை நாளோடு ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதுக. ஒவ்வொன்றுக்கும் எதிரே அன்றைய தனிச்சீட்டு விலையைக் குறிக்க. மறுபக்கத்திற் பொதுச்சீட்டின் விலையையும் ஆசனப் பதிவுக் கட்டணங்களையும் எழுதிக் கூட்டுக. நாள் குறிக்க இயலாத பயணங்கள் அப்பட்டியலிற் பாதிக்கு மேலிருந்தாற் பொதுச்சீட்டை வாங்கலாம். இலண்டனுக்குப் போகும் பயணம் பட்டியலில் இருந்தால், பொதுச்சீட்டை வாங்கிய அன்றே அவ்வொரு வண்டிக்கு மட்டும் ஆசனத்தைப் பதிந்துகொள்க. அங்கே பொதுச்சீட்டுக்காரருக்கான ஆசனங்களே முதலில் முடிவன.